தோட்டக்காரி தேடிய மங்கல் மண்டலம்

என் தங்கை மகள் எங்கள் வீட்டு மாடியறையில் குடியிருக்கிறாள். வேலை பார்க்கும் இடத்தில் அவளுக்குத் தோட்டக்காரி என்று பட்டப்பெயர். அவள் ஒரு செடி நட்டு நான் பார்த்ததில்லை. மாடிப்படியில் என் மனைவி வைத்த பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால், "ஐயோ, மறந்துட்டேன் அத்தை" என்பாள். அந்தத் தொட்டியில் இப்போது மண் மட்டும்தான் இருக்கிறது. அப்படிப்பட்டவளுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் கோபம் வந்துவிடும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

வானத்தை ஆராய்கிற வேலை என்று சொன்னதும் கேட்பவர்கள் தலையைத் தூக்கி மேலே பார்க்கிறார்கள். இவள் மேலே பார்ப்பதே இல்லை. காலையில் பஸ் பிடித்துப் போவாள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்ட அறையில் இரண்டு திரைகளுக்கு முன்னால் உட்காருவாள். சாயங்காலம் கண் சிவந்து திரும்புவாள். ராத்திரி நம்மைப் போலத் தூங்குவாள். விழித்திருப்பது தொலைநோக்கிதான். அது வெகு தூரத்தில், குளிரில், ஒரு மலை உச்சியில் இருக்கிறது. வானத்தைத் துண்டு துண்டாகப் படம் எடுத்து அனுப்புவது அதன் வேலை. அந்தப் படங்களில் தேடுவது இவள் வேலை.

"அப்படி என்னதாம்மா தேடறே?" என்று வந்த புதிதில் கேட்டேன்.

"நாம இருக்கிற பால்வெளி ஒரு பெரிய வீடு மாதிரி மாமா. கோடிக்கணக்குல நட்சத்திரம். அதைச் சுத்திக் குட்டிக் குட்டியா சில குடித்தனம் இருக்கு. துணை மண்டலம்னு பேரு. ஒண்ணு ரெண்டு வெறும் கண்ணுக்கே தெரியும். மத்ததெல்லாம் அவ்வளவு மங்கல். வீடு இருக்கும், விளக்கு இருக்காது."

"விளக்கு இல்லாத வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பே?"

"அதுக்குத்தானே சம்பளம் தர்றாங்க."

எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு நின்றுவிட்டது. ஆனால் உறவு சொல்லச் சொன்னால் விடிய விடியச் சொல்வேன். எங்கள் பெரிய தாத்தாவின் ஒன்றுவிட்ட தங்கை வழியில் ஒரு குடும்பம் உண்டு. கல்யாணத்துக்கும் வராது, சாவுக்கும் வராது. இருக்கிறது என்று மட்டும் தெரியும். அதைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அதேதான் மாமா! அந்தக் குடும்பத்தைத்தான் தேடறேன்."

நான் பஸ்ஸில் நடத்துநராக இருந்தவன். நெரிசலில் நாலு பேர் ஒட்டி நின்றால் ஒரே குடும்பம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விடுவார். கடைசிவரை சேர்ந்து வந்து சேர்ந்து இறங்கினால்தான் குடும்பம். நட்சத்திரத்துக்கும் அதுதான் கணக்காம். படத்தில் கும்பலாகத் தெரியும். ஒன்று கிட்டே இருக்கும், இன்னொன்று அதற்கு எவ்வளவோ பின்னால் இருக்கும், நம் கண்ணுக்கு மட்டும் ஒரே இடம். கும்பல் முழுக்க ஒரே வேகத்தில் போகிறதா என்று இன்னொரு பெரிய தொலைநோக்கியில் அளந்து பார்த்தால்தான் அது குடும்பமா, வெறும் நெரிசலா என்று முடிவாகும்.

அந்தப் பெரிய தொலைநோக்கிக்கு நாடு நாடாக ஆள் காத்திருக்கிறார்கள். இவர்கள் குழுவுக்கு வருஷத்துக்கு ஒருமுறை, ஒரு ராத்திரியோ இரண்டு ராத்திரியோ கிடைக்கும். யார் கண்டுபிடித்த கும்பலைக் குழு தேர்ந்தெடுக்கிறதோ அவர் மலைக்குப் போவார். மற்றவர்கள் கறுப்புத் துணி அறையிலேயே இருப்பார்கள். இவளுக்கு ஆசை அது ஒன்றுதான். ஒரே ஒரு குட்டி மண்டலமாவது தன் கண்ணில் முதலில் பட வேண்டும், அதை உறுதி செய்யத் தானே மலையேற வேண்டும். வேலையில் சேர்ந்த நாள் முதல் வானத்தையே பிரித்துப் பிரித்துப் பார்க்கிறவள், ஒரு தொலைநோக்கியைக் கிட்டப் போய்த் தொட்டதுகூட இல்லை.

கும்பல் இருக்கும் என்று சந்தேகப்படும் இடங்களைக் கம்ப்யூட்டர் பொறுக்கிக் கொடுக்கும். அதில் முக்கால்வாசிக்கு மேல் குப்பை. பக்கத்தில் ஒரு பிரகாசமான நட்சத்திரம் இருந்தால் அதன் கண் கூசும் வெளிச்சமே கும்பலாகத் தெரியும். இரண்டு படங்களை ஒட்டிய இடத்தில் தையல் மாதிரி ஒரு தடம் விழும், அதையும் கொண்டுவந்து நீட்டும். இவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக் குப்பை, குப்பை என்று தள்ளுவாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கும்போதுகூட விரல் அந்தக் குப்பைப் பொத்தானை அமுக்குகிற மாதிரி தட்டிக்கொண்டிருக்கும்.

அவள் அப்பா தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவர். என் தங்கை புருஷன், எனக்கு மாப்பிள்ளை. வரும்போதெல்லாம் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்.

"கிடைச்சுதா?"

"இல்லப்பா."

"ஒரு மோட்டார் ஓடலைன்னா பிரிச்சா காரணம் தெரிஞ்சிடும். நீ வருஷக்கணக்கா பிரிச்சுக்கிட்டே இருக்கியே?"

"இது மோட்டார் இல்லப்பா."

"அதான் தெரியுதே. மோட்டார்னா தண்ணியாவது வரும்."

அவள் தட்டை நகர்த்திவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். "வந்ததும் வராததுமா பிள்ளையைக் கிண்டாட்டி உங்களுக்குச் சாப்பாடு இறங்காதா?" என்று என் மனைவி கேட்பாள். மாப்பிள்ளை ஒன்றும் தெரியாதவர் போல எனக்கு ஊற்றின மோரையும் எடுத்துக் குடித்துவிடுவார்.

இனி தோட்டக்காரிக்கு வருகிறேன். அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. தேடுகிறவர்கள் ஒழுங்காகத் தேடுகிறார்களா, எத்தனையைக் கோட்டை விடுகிறார்கள் என்று தெரிய வேண்டுமே. அதற்காகக் கம்ப்யூட்டரிலேயே பொய்யான குட்டி மண்டலங்களைச் செய்து, நிஜப் படங்களுக்குள் யாருக்கும் தெரியாமல் செருகிவிடுவார்கள். நடுவது என்று அதற்குப் பெயர். எங்கெங்கே நட்டது என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். பூட்டுக்காரர் என்று அவரைச் சொல்வார்கள். வாயைத் திறக்காத மனிதர். டீ குடிக்கக்கூட மற்றவர்களோடு உட்கார மாட்டாராம், பேச்சுவாக்கில் ஏதாவது வந்துவிடுமோ என்று. வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரையும் வைத்துக்கொண்டு இன்னின்னது நட்டது என்று சொல்வார். அதற்குப் பூட்டுத் திறக்கிற நாள் என்று பெயர்.

அவளுக்கு முதல் கும்பல் அகப்பட்டது அப்படியொரு பூட்டுத் திறப்புக்குச் சில வாரங்களுக்கு முன்னால். கம்ப்யூட்டர் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்ததாம், மற்றவர்கள் பார்க்காமலே விட்டது. இவள் தோண்டி எடுத்தாள். குழுவுக்கே பிடித்துப்போயிற்று. அந்த வருஷத்து ராத்திரிக்கு அதையே வைத்துக்கொள்ளலாம் என்று தலைமை மேடம் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை தெரு முழுக்கச் சொன்னார். என் மனைவி கம்பளி நூல் வாங்கி, மலைக் குளிருக்கு என்று ஒரு ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்தாள். நீல நிறம், கழுத்தை மூடுகிற மாதிரி. இரண்டு கையும் முடிந்து, பெட்டியும் அடுக்கியாகிவிட்டது.

பூட்டுத் திறக்கிற நாளன்று சாயங்காலம் அவள் வந்தபோது முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

"நட்டதாம் மாமா."

"எது?"

"நான் கண்டுபிடிச்சது. அவர் நட்டது."

"போற வரைக்குமா சொல்லாம இருந்தாரு?" என்றாள் என் மனைவி.

"கடைசி வரைக்கும் சொல்லக் கூடாதாம், அதுதான் சோதனையாம். மேடம் கை தட்டுறாங்க. 'இவ்வளவு மங்கலா நட்டதையே பிடிச்சிட்டா, நம்ம வலை நல்ல வலை'ன்னு. கேக் வேற வெட்டினாங்க அத்தை. என் கையிலேயே கத்தியைக் குடுத்து."

மலைக்கு வேறொருவர் போனார். மறுநாளிலிருந்து அவள் தோட்டக்காரி. நட்டதைப் பிடுங்கினவள் அல்லவா. படியேறும்போது ஒருவன், "என்ன தோட்டக்காரி, இன்னைக்கு அறுவடை எப்படி?" என்பான். இன்னொருத்தி மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் பூவை வைத்துவிட்டுப் போவாள். எல்லாம் விளையாட்டுதான். விளையாட்டுக்குச் சிரிக்காவிட்டால், "இதுக்குப் போய்க் கோவிச்சுக்கலாமா?" என்பார்கள். சிரித்தால் நாளைக்கும் சொல்வார்கள். நாம் சிரிக்கவும் முடியாமல் முறைக்கவும் முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு அவள் தேடுவது மாறிவிட்டது. முன்பு எது நிஜம் என்று தேடினாள். இப்போது எது பொய் என்று மோப்பம் பிடிக்க ஆரம்பித்தாள். நட்டது எல்லாவற்றுக்கும் ஒரு சாயல் உண்டாம். அளவு எடுத்தது போல வட்டமாக இருக்குமாம். ஒரே வயசு நட்சத்திரங்களின் நிறத்தையும் வெளிச்சத்தையும் புள்ளி வைத்துப் பார்த்தால் ஒரு வளைகோட்டில் வரும். நிஜத்தில் அந்தக் கோடு பிசிறடிக்கும், நட்டதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற மாதிரி நிற்கும். ஒவ்வொரு கும்பலுக்கும் பக்கத்தில் குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு. அதில் 'நட்டது' என்று எழுத ஆரம்பித்தாள்.

அப்படி எழுதக் கூடாது. அது நட்டதா இல்லையா என்று யோசிக்காமல் எல்லாவற்றையும் நிஜம் போலவே பார்க்க வேண்டும் என்பதுதான் அங்கே முதல் விதி. ஆனால் அடுத்த பூட்டுத் திறப்பில் இவள் எழுதியதெல்லாம் சரியாக இருந்தது. பிளாஸ்டிக் பூ வைத்தவளே வாயைப் பிளந்தாளாம். பூட்டுக்காரர் மட்டும், "இது நல்ல பழக்கம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாராம். இவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது வாழ்நாளில் முதல்முறையாகப் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினாள். செத்துப் போன செடிக்கு.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நாங்கள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம், மாப்பிள்ளையும் வந்திருந்தார். அவள் போனைப் பார்த்துக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்தாள். மூன்றாவது படியில் நின்றுவிட்டாள்.

"என்னம்மா?" என்றேன்.

"வேற நாட்டுல ஒரு குழு, புதுசா ஒரு துணை மண்டலம் கண்டுபிடிச்சிருக்காங்க. நாங்க வெளியில விட்ட பழைய படத்தை வெச்சே தேடியிருக்காங்க. பெரிய தொலைநோக்கில அளந்து உறுதியும் ஆயிடுச்சு."

"அதுக்கு நீ ஏன் இப்படி நிக்கறே?"

"அந்த இடம் எனக்குத் தெரியும் மாமா."

மடிக்கணினியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துத் திறந்தாள். நாங்கள் மூவரும் பின்னால் நின்றோம். எனக்குத் தெரிந்ததெல்லாம் சாம்பல் நிறத் தாளில் உப்பைத் தூவின மாதிரிதான். அவள் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தாள். மங்கலானது நேராகப் பார்த்தால் தெரியாது என்பாள். படத்துக்குப் பக்கத்தில் அவள் கையால் அடித்த ஒரு சொல் இருந்தது. நட்டது.

போன பூட்டுத் திறப்பு முடிந்த கையோடு எழுதினது. அவர்கள் கண்டுபிடிப்பதற்கு எவ்வளவோ முன்னால்.

பூட்டுக்காரருக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் போட்டதால் எங்களுக்கும் கேட்டது.

"சார், இன்னைக்கு வெளியான அந்தக் குட்டி. அது நீங்க நட்டதா?"

"ஊருக்கே தெரிஞ்சதுக்கு அப்புறம் மறைக்க என்ன இருக்கு? அது நான் நட்டது இல்லம்மா. தானா இருந்தது."

"அவ்வளவு வட்டமா இருந்துதே சார்! கோடு ஒரு பிசிறு இல்லாம இருந்துதே!"

"சில நேரம் அப்படியும் இருக்கும்."

அவள் போனை வைத்துவிட்டு, "சில நேரம் அப்படியும் இருக்குமாம்!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். "எல்லாம் கோணலாத்தான் இருக்கும்னு இருந்தேன். ஒண்ணு ஒழுங்கா வந்து நிக்குது, அதைப் போய் பொய்னு தள்ளிட்டேன்!"

மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். நான் அவரைப் பார்த்தேன், வேண்டாம் என்கிற மாதிரி. அவர் கேட்கவில்லை.

"அப்ப கிடைச்சுதுன்னு சொல்லு" என்றார்.

"அப்பா!"

"நீதானே முதல்ல பார்த்தே?"

"பார்த்தேன். பார்த்துட்டுப் போன்னு அனுப்பிட்டேன். அதுக்குப் பேரு கண்டுபிடிக்கிறதா?"

கண்டுபிடித்தவனின் படமும் செய்தியோடு வந்திருந்தது. மலை உச்சி, பின்னால் தொலைநோக்கியின் வெள்ளைக் குவிமாடம், காற்றில் முடி பறக்கிறது. "சிரிக்கிறான் பாருங்க" என்று காட்டினாள். என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "அந்தக் குளிர்ல தலைக்கு ஒண்ணும் போட்டுக்கலையே இந்தப் பையன்" என்றாள்.

திங்கட்கிழமை மேடம் கூப்பிட்டாராம். நல்ல மனுஷிதான், குழுவின் பெயரைக் காப்பாற்றப் பார்த்தார். "நம்ம ஆளு அவங்களுக்கு முன்னாலேயே அதைத் தொட்டிருக்கா. தேதி இருக்கு. நாங்களும் தனியா பார்த்தோம்னு ஒரு வரி எழுதிடலாம். அந்தக் குறிப்பை யாரு கேக்கப் போறாங்க?"

இவள் ஒத்துக்கொள்ளவில்லை. "எத்தனை தப்பிச்சுதுன்னு கணக்கு எழுதறோமே மேடம், அதுல சேருங்க. கம்ப்யூட்டர் பிடிச்சுக் குடுத்துச்சு. விட்டது நான்" என்றாளாம். மேடத்துக்கு அது பிடிக்கவில்லை. "உன் இஷ்டம்" என்றாராம்.

இதைச் சாயங்காலம் வந்து சொன்னபோது, "நீ செஞ்சதுதாம்மா சரி" என்றேன்.

"சரிதான் மாமா. அதனால எனக்கு என்ன வந்துச்சு? அந்த வரியை எழுதியிருந்தா பேராவது வந்திருக்கும். எழுதலை, அந்தச் சந்தோஷமாவது வருமான்னு பார்த்தா அதுவும் வரலை. பசிக்குது அத்தை, என்ன இருக்கு?"

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு இன்னொன்று உறைத்தது. ஒன்றை அப்படித் தள்ளினவள் இன்னும் எத்தனையைத் தள்ளியிருப்பாள்? போன பூட்டுத் திறப்புக்குப் பிறகு 'நட்டது' என்று எழுதினது ஏராளம், அடுத்த திறப்புக்கோ இன்னும் மாதக்கணக்கில் இருந்தது. அதற்குள் நிஜம் இன்னொன்று கிடக்கலாம். மறுநாள் பூட்டுக்காரரிடம் போய், அதில் நடாதது எது என்று மட்டும் சொல்லுங்கள் என்று கெஞ்சியிருக்கிறாள். அவர் சொல்லவில்லை. சொன்னால் சோதனை கெட்டுவிடுமாம்.

"எல்லாத்தையும் மறுபடி நீயே பாரும்மா. நட்டதா இல்லையான்னு நினைக்காம பாரு."

"எப்படி சார் நினைக்காம பார்க்கிறது?"

"அதுதான் கஷ்டம்" என்றாராம் அவர், டீயை எடுத்துக்கொண்டு தனியாகப் போகிறபோது.

அன்றாட வேலை நிற்காமல் வந்துகொண்டிருப்பதால், பழசைப் பார்க்க அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான். எங்கள் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு காலையிலேயே உட்கார்ந்துவிடுவாள். நினைக்காமல் பார்ப்பது என்பது தும்மலை அடக்குகிற மாதிரி இருக்கிறது என்றாள். படத்தைத் திறப்பாள். வட்டமாக இருந்தால், நட்டது என்று மனசு சொல்லும். உடனே, போன தடவை இப்படித்தானே ஏமாந்தோம், இது நிஜம் என்று சொல்லும். இரண்டும் நினைப்புதான். மூடிவிட்டு எழுந்து ஒரு சுற்று நடந்து வருவாள். மறுபடி திறப்பாள். ஒருநாள் நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தேன், அவளுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று. "கூட்டி வைங்க மாமா, என் மண்டைக்குள்ள சத்தம் கேக்காம இருக்கட்டும்" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் போயிற்று. மத்தியானம்வரை பார்த்துவிட்டு, ஒன்றும் தேறவில்லை என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். என் மனைவி கூடத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் மகள் வயிற்றுப் பேத்திக்குத் தொப்பி பின்ன நூல் வேண்டியிருந்தது. கடையில் அந்த நீலம் கிடைக்கவில்லை. பெட்டியில் சும்மா கிடக்கிறதே என்று அந்த ஸ்வெட்டரை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்திருந்தாள்.

தண்ணீர் குடிக்கப் போனவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அத்தை! யாரு இதைப் பிரிக்கச் சொன்னா?"

"ஏம்மா, நீதான் போகலையே?"

"போகலைன்னா? இனிமே போகவே மாட்டேன்னு யாரு சொன்னா? நான் சொன்னேனா? மாமா, நான் சொன்னேனா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். ஒரு கை முழுக்கப் போய்விட்டிருந்தது. என் மனைவி மடியில் பந்தாக நூல் கிடந்தது, சுருள் சுருளாக, பின்னின வளைவு இன்னும் நிமிராமல்.

"ஒரு கைதானே போச்சு. இதுக்குப் போய் இப்படிக் கத்தறியே. திரும்பப் பின்னிட்டாப் போச்சு."

"பின்னுங்க."

"பேத்திக்குத் தொப்பி?"

"வேற கலர் வாங்கித் தரேன். இதைப் பின்னுங்க."

தண்ணீர் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்து, மூடியதை மறுபடி திறந்தாள். தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தாள். என் மனைவி முணுமுணுத்துக்கொண்டே ஊசியைத் தேடினாள். கொஞ்ச நேரம் கழித்து மேஜையிலிருந்து சத்தம் வந்தது.

"சே! மறுபடி நினைச்சுட்டேன்."